முதலில் தீப்பொறி, பிறகு பெற்றோல்

கார் எஞ்சின் என்றாலே அது ஆண்களின் காரியம் என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறோம். ஆனால் அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு அது விளங்காத விஷயமே அல்ல. மண்ணெண்ணெய் அடுப்பில் காற்று அளவாகச் சேர்ந்தால் நீலச் சுடர். காற்றுக் குறைந்தால் மஞ்சள் சுடர், சட்டியெல்லாம் கரி! காபரேட்டரின் வேலையும் பெற்றோலையும் காற்றையும் அளவாகக் கலந்து கொடுப்பதுதான்.

மாவனல்லையில் எங்கள் வீட்டில் வாப்பா விட்டுச்சென்ற 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. 948 சீ.சீ. எஞ்சின், எஸ்.யூ. காபரேட்டர். வாப்பாவும் நானாவும் அதைப் பிரித்துப் பூட்டும்போது டோர்ச் பிடிப்பது என் வேலை.

2022 ஆகஸ்ட்டில் கியூ.ஆர். முறையில் பெற்றோல் பங்கிடப்பட்டபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான் கிடைத்தது. உம்மாவுக்கோ சிறுநீரகம் பழுது. இரத்தம் சுத்திகரிக்க வாரம் இருமுறை கண்டிக்குப் போகவேண்டும். போய்வர ஏறக்குறைய 60 கிலோமீற்றர், இடையில் கடுகண்ணாவை ஏற்றம். அந்த நேரம் பார்த்துக் காரில் இழுவை குறைந்தது. கராஜில் காட்டினோம். காபரேட்டரின் அடியிலுள்ள நட்டை இறக்கிப் பெற்றோலைக் கூட்டிவிட்டார்கள். கார் ஓடியது. ஆனால் வாரம் முடியுமுன்பே பெற்றோல் தீர்ந்தது. பக்கத்து வீடுகளில் கேட்கலாமா? எல்லோருக்கும் அதே பங்குதானே!

நானா கட்டாரில். தொலைபேசியில் விபரம் கேட்டவர் சொன்னார்: "காபரேட்டர்ல கை வெக்க வாணாம் தங்கச்சி. மொதல்ல பொறியப் பாருங்க."

பிளக்குகளைக் கழற்றினேன். நான்கும் கரிக்கட்டையாய் இருந்தன. பிளக்கின் முனை பழுப்பு நிறமாக இருந்தால் கலவை சரி. புகைக்கரி படிந்தால் பெற்றோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. அவற்றைத் துப்புரவாக்கி, டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே பொயிண்ட் தேய்ந்து இடைவெளி ஒடுங்கிப்போயிருந்தது. அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு இருக்கவேண்டும். புதிய பொயிண்ட் போட்டு, அளவுத் தகடு வைத்துச் சரிசெய்தேன்.

அடுத்தது ரைமிங். பெற்றோல் எரிந்து முடிய நேரம் எடுப்பதால், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி விழவேண்டும். மிகவும் முந்தினால் ஏற்றத்தில் 'டிக் டிக்' என்று தட்டும், பிஸ்டனுக்கே கேடு. பிந்தினால் எஞ்சின் சூடேறும், இழுவை போகும், பெற்றோலும் வீணாகும். பொயிண்ட் இடைவெளி மாறினால் ரைமிங்கும் மாறிவிடும். அதனால்தான் பொயிண்டை முதலில் பார்க்கவேண்டும். டிஸ்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கிறது. 'ஏ' பக்கம் திருப்பினால் பொறி முந்தும், 'ஆர்' பக்கம் திருப்பினால் பிந்தும். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஓட்டிப்பார்த்தேன். தட்டியது. 'ஆர்' பக்கம் கொஞ்சம் திருப்பினேன். மறுமுறை சத்தமில்லை.

கடைசியாகத்தான் காபரேட்டர். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, காபரேட்டரின் பக்கத்திலுள்ள ஊசியால் உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்த வேண்டும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். எஞ்சின் தடுமாறி நிற்கப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் கூடிப் பழையபடி அடங்கினால் சரி. நட்டை மேலே ஏற்றினால் பெற்றோல் குறையும். ஒரு தடவைக்கு ஒரு பட்டை அளவு மட்டும் திருப்பி, ஒவ்வொரு முறையும் காதுகொடுத்துக் கேட்டேன். இறைச்சிக் கறிக்கு உப்புப் பார்ப்பதுபோல!

அந்த வாரம் 20 லீற்றரில் இரண்டு கண்டிப் பயணமும் முடிந்து மிச்சமும் இருந்தது. பெற்றோல் பங்கீடு நீங்கும்வரை உம்மாவின் சிகிச்சை ஒருநாளும் தவறவில்லை.

சகோதரிகளே, பழைய வாகனம் வீட்டில் இருந்தால் இரண்டு விஷயங்களைக் கவனத்தில் கொள்ளுங்கள். எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பதானால் திறந்த வெளியிலேயே பாருங்கள். மூடிய கராஜில் புகை உயிரைக் குடிக்கும். முக்காட்டையும் சாரி முந்தானையையும் இறுகச் செருகிக்கொள்ளுங்கள், ஃபேன் பெல்ட் எதையும் இழுத்துவிடும்.

கராஜுக்கு அனுப்புவதானால், "பிளக், பொயிண்ட், ரைமிங் பார்த்தாகிவிட்டதா?" என்று கேட்ட பிறகே காபரேட்டரைத் தொட விடுங்கள். ஒரு குறையை மறைக்க இன்னொரு குறையைக் கூட்டிவைத்தால் வண்டி ஓடத்தான் செய்யும். அதற்கான செலவு மட்டும் மாதாமாதம் வீட்டுக் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.