குளத்தின் பரப்பும் துருசின் அகலமும்

விழா மலருக்குத் தொழிலனுபவம் பற்றி எழுதுமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். கணினித் தரவுகளுக்குச் சேமிப்பகம் வகுப்பதே நமது தொழில். சுவையற்ற பொருளென அன்பர் சிலர் முகஞ்சுளிப்பினும், நெல்விளையும் கல்முனைக் கரையில் பிறந்தோர்க்கு அது எளிதில் விளங்குவதேயாம்.

மெய்நிகர் மேசைக்கணினி முறையில் பயனர் முன்னிருப்பது திரையும் விசைப்பலகையுமே. அவரது கணினி, நூற்றுக்கணக்கான பிற கணினிகளுடன் சேர்ந்து, தொலைவிலுள்ள சர்வர்களில் இயங்கும். அனைவர் கோப்புகளும் ஒரே சேமிப்பகத்தில் தங்கும். இதனை வாங்க வருவோர் முதலில் வினவுவது, "எத்தனை டெராபைட்?" என்பதே. முந்நூறு பேருக்கு ஆளுக்கு 40 கிகாபைட் எனில் 12 டெராபைட். இரண்டு மூன்று தட்டுகளில் அடங்கிவிடும். ஆயின், சாதாரணச் சுழல்தட்டு விநாடிக்கு ஏறக்குறைய 80 முறையே படிக்கவோ எழுதவோ வல்லது. அமைதியான வேளையில் ஆளுக்குப் பத்து எனக் கொண்டாலும் மூவாயிரம் ஆகிறது. அதற்கே முப்பத்தெட்டுத் தட்டுகள் வேண்டும்! காலை எட்டு மணிக்கு அனைவரும் ஒருங்கே கணினியை எழுப்பும்போது தேவை இன்னும் பன்மடங்காகும்.

இதனைக் கல்முனையில் விளக்கியபோது, முன்னாள் வட்டவிதானையார் ஒருவர் இடைமறித்தார்: "தம்பி, கொளம் பெரிசா இருந்தாக் காணுமா? துருசு எவ்வளவு தண்ணி உடும்?" 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் சேனநாயக்க சமுத்திரம் எத்துணை பெரிதாயினும், விதைப்புக் காலத்தில் எல்லா வயல்களும் ஒருங்கே நீர் கேட்டால் துருசும் வாய்க்காலுமே எல்லையாகும். நாம் அரைமணி நேரம் கூறியதை அவர் ஒரு வினாவில் கூறிவிட்டார்.

பரிகாரமும் அவர் அறிந்ததே: முறைவைத்தல். விடியுமுன்னரே கணினிகளைக் கூட்டங்கூட்டமாக எழுப்பிவிடலாம். அனைவரும் படிக்கும் மூலப்படியை, பல்லாயிரம் வேண்டுகோள்களைத் தாங்கும் திண்மநிலைத் தட்டில் வைக்கலாம். ஆயின் வேலை நடக்கும்போது படிப்பதினும் எழுதுதலே மிகும். ஐந்தாம் ரெயிட் முறையில் சிறு எழுத்தொன்று நான்கு செயல்களாகப் பெருகும். கணக்குப் பிழைப்பது பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

இன்னொன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளில் உயிர்களோடு பிறப்புப் பத்திரங்களையும் சான்றிதழ்களையும் வாரிச் சென்றது. அனைவர் கோப்புகளும் ஓரறையில் குவியும்போது அவ்வறையின் இருப்பிடமும் வடிவமைப்பின் பகுதியாகிறது. ஆதலால் இரண்டாம் படியொன்றைக் கடலினின்றும் விலகிய அம்பாறை நகரிலேனும் வைக்குமாறு எழுதுகிறோம். விலைப்பட்டியலில் முதலில் வெட்டப்படுவது அவ்வரியே; அதனை மட்டும் நாம் விட்டுக்கொடுப்பதில்லை.