செல்லாத அட்டை

2019 பொங்கலுக்கு நான்கு நாட்களுக்கு முன், இராசிபுரத்தில் ஏடிஎம் இயந்திரம் எங்கள் அட்டையைத் துப்பிவிட்டது. புடவைத் தலைப்பில் துடைத்து மூன்று முறை செருகியும் பயனில்லை. காந்தப்பட்டையை எளிதில் நகலெடுத்து விடுகிறார்கள் என்பதால், 2018 டிசம்பர் 31க்குள் பழைய அட்டைகளைச் சில்லு பதித்தவையாக மாற்ற வேண்டுமென ரிசர்வ் வங்கி 2015லேயே உத்தரவிட்டிருந்தது. நாளிதழில் படித்திருந்தோம், படித்ததோடு சரி. எங்களுக்கான புதிய அட்டையோ, சேலத்தில் நாங்கள் என்றோ காலிசெய்த வாடகை வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தது.

வங்கியில் பணமெடுக்கும் சீட்டை நிரப்பி நீட்டினோம். கணக்குத் தொடங்கியபோது போட்ட கையெழுத்தோடு இது ஒத்துப்போகவில்லை. "நீங்கதானா சார்?" என்றார் காசாளர். நியாயமான கேள்விதான். ஆதாருடன் திரும்புவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் இரண்டாம் சனி, அதற்கடுத்து ஞாயிறு.

தெருமுனை மளிகைக் கடைக்குப் போகக் கால் கூசியது. 2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போனபோது எங்களுக்கு ஒரு மாதம் கடன் கொடுத்தவர் அந்தக் கடைக்காரர். கடனை அடைத்த கையோடு, அட்டை தேய்க்கும் பெரிய கடைக்கு மாறிவிட்டிருந்தோம். எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"பச்சரிசி மூணு கிலோ போட்டுரட்டுங்களா? வெல்லம்?"

வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பிப்ரவரியில் புதிய அட்டை வந்தது. கடனை அடைக்கப் போன அன்று அவர் இல்லை; மகன் நோட்டைப் புரட்டினான். எங்கள் பெயர் அதில் எங்குமில்லை. 'வேப்பமரத்து வீடு' என்றிருந்தது. அந்த மரத்தை நாங்கள் வெட்டி ஆறு வருடமாகியிருந்தது.