வாத்தியாரம்மாவுக்குப் பரீக்ஷை

நாற்பத்தாறு வயதில் மனிதருக்கு மூக்குக் கண்ணாடி வரலாம். முழங்கால் வலி வரலாம். பெண்ணுக்கு வரன் பார்க்கும் கவலையும் வரலாம். இவையெல்லாம் உலக வழக்கம். பரீக்ஷை வரலாமோ? எனக்கு வந்திருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாகப் பிறர் பெற்ற குழந்தைகளுக்கு மார்க்குப் போட்டுக் கொண்டிருந்த நான், கல்வியியலில் முதுகலைப் பட்டம் பெறும் ஆசையினால் தபால் வழிப் படிப்பில் சேர்ந்தேன். அந்தப் படிப்பில் ஐந்து நாள் மட்டும் நேரில் போய் உட்கார வேண்டும். அதற்கு ‘ஸெமினார்’ என்று பெயர். விஷயம், பள்ளிக்கூடங்களில் தொழில்நுட்பத்தைக் கொண்டு வருவதற்குத் திட்டம் போடுவது.

ஸெமினார் என்றால் யாரோ பிரசங்கம் செய்வார்கள், நாம் தூங்கலாம் என்று நேயர்கள் எண்ணக் கூடும். நானும் அம்மாதிரிக் கூட்டங்கள் பல பார்த்தவள்தான். இது வேறு ஜாதி. காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு மணி வரையில் பதினாறு பேர் ஒரு நீண்ட மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒவ்வொருவரும் தம் பள்ளிக்கூடத்துக்கு மூன்று வருஷத் திட்டம் ஒன்றை எழுதிக் கொண்டு போய் மேஜை மேல் வைக்க வேண்டும். மற்றப் பதினைந்து பேரும் அதைக் கோழி குப்பையைக் கிளறுவது போலக் கிளறுவார்கள். திட்டம் எட்டுப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அதோடு, முன் காலத்தில் நடந்த இரண்டு மூன்று முயற்சிகளை ஆராய்ந்து, அவை ஏன் பலித்தன, ஏன் பலிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். இவ்வளவையும் முடிக்க எனக்குக் கிடைத்த அவகாசம் மூன்று வாரம்.

வெறும் மார்க்கோடு போகிற காரியமாயிருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் கூடி மூன்று லக்ஷம் ரூபாய் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை எப்படிச் செலவழிப்பது என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது, காரியதரிசி, “நம்ம டீச்சர் இதையேதான் படிக்கப் போறாங்களாமே? அவங்க எழுதிக்கிட்டு வர்ற திட்டத்தையே நிறைவேத்திடலாம்” என்று சொல்லி விட்டார். மறுநாளே எங்கிருந்தோ ஒரு வியாபாரி மோப்பம் பிடித்து விலைப்பட்டியல் அனுப்பினார். இரண்டு ‘ஸ்மார்ட் போர்டு’, ரூ. 2,85,000. வரி தனி. வரியைச் சேர்த்தால் மூன்று லக்ஷத்தைத் தாண்டி விடும் என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்.

இரவு சாப்பாடெல்லாம் முடிந்து, பாத்திரங்களை ஒழித்துப் போட்டு விட்டுப் புஸ்தகத்தோடு உட்காருவேன். என் மாமியார் சில நாள் பார்த்துக் கொண்டேயிருந்தார். ஒரு நாள், “ஏம்மா, குழந்தைங்களுக்குச் சொல்லிக் கொடுக்க இத்தனை மிஷினா வேணும்? எங்க அப்பா திண்ணைப் பள்ளிக்கூடத்திலே மணல்லே எழுதித்தான் படிச்சாங்க. கணக்கிலே அவங்களை யாரும் ஏமாத்த முடியாது” என்றார். பெரியவர்கள் எல்லோரும் சொல்லுகிற பேச்சுத்தான். ஆனால் அன்று நான் படித்துக் கொண்டிருந்ததும் மணலைப் பற்றியதே.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-ல் சென்னைக்கு வந்தார். 1789 முதல் 1796 வரையில் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பள்ளிக்கு மேற்பார்வையாளராக இருந்தார். ஒரு நாள் குதிரையில் போகும்போது ஒரு ‘மலபார்’ பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். அக்காலத்து ஆங்கிலேயர் நம் தமிழரைத்தான் அப்படிச் சொல்வது வழக்கம். அங்கே பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுதிக் கொண்டிருந்தார்கள். காகிதம் வேண்டாம், மை வேண்டாம், பலகையும் வேண்டாம். பிழையாக எழுதினால் கையால் ஒரு தடவு தடவினால் போதும். பெல் இதைத் தம் பள்ளிக்குக் கொண்டு போனார். அங்கே கீழ் வகுப்பு உபாத்தியாயரோ, இது நடக்கிற காரியமில்லை என்று கையை விரித்து விட்டார். (அந்த உபாத்தியாயரிடம் எனக்குக் கொஞ்சம் அநுதாபம் உண்டு. மேலேயிருந்து ஒருவர் குதிரையில் வந்து இறங்கி, நாளை முதல் மணலில் எழுத வை என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?) பெல் அவரோடு மல்லுக்கு நிற்காமல், ஜான் பிரிஸ்கன் என்னும் சிறுவனைக் கூப்பிட்டு, மற்றக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்படி ஏவினார். வேலை நடந்தது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையும் இதைத்தானே செய்து கொண்டிருந்தான்! பெல் சீமைக்குத் திரும்பி, 1797-ல் இதைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதினார். இங்கிலாந்தில் ஆயிரக் கணக்கான பள்ளிகளில் ‘மதராஸ் முறை’ பரவிற்று. ஸ்காட்லாந்தில் ஸெயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் இன்றைக்கும் ‘மதராஸ் காலேஜ்’ என்ற பள்ளி இருக்கிறது.

இதைக் கேட்டு என் மாமியாருக்கு ஒரே பெருமை. நானும் கொஞ்சம் பெருமைப்பட்டேன். ஆனால் பெருமையோடு நின்று விட்டால் ஸெமினாரில் உதைதான் கிடைக்கும். எல்லா ஜாதிக் குழந்தைகளும் அந்தத் திண்ணையில் ஏறி விடவில்லை. சீமையில் மதராஸ் முறை பரவியதற்கும், சம்பளமில்லாத சிறுவர்களை வைத்துச் செலவைக் குறைக்கலாம் என்ற ஆசை பெரிய காரணம். பொருள் அறியாமல் உருப்போட வைக்கிறது என்ற குற்றச்சாட்டும் எழுந்து, நாளடைவில் அம்முறை மறைந்தது. எனக்கு அதில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மணல் கெட்டுப் போனால் அதைச் சரிசெய்ய வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. அது எந்நேரமும் குழந்தையின் கைக்கெட்டும் இடத்திலேயே இருந்தது.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக் கொண்டு மற்ற முயற்சிகளைப் புரட்டினேன். 1913-ல் எடிஸன், பள்ளிக்கூடங்களில் புஸ்தகங்களுக்கு இனி வேலையில்லை, பத்து வருஷத்தில் எல்லாம் சினிமாப் படத்தாலேயே நடக்கும் என்றார். நூறு வருஷம் ஆன பிறகும் புஸ்தக மூட்டை நம் குழந்தைகளின் முதுகிலேதான் இருக்கிறது. தென் அமெரிக்காவில் பெரு தேசத்தார் எட்டு லக்ஷத்துக்கு மேற்பட்ட சிறிய கம்ப்யூட்டர்களைக் குழந்தைகளுக்கு வழங்கினார்கள். கிராமத்துப் பள்ளிகள் 319-ல் ஆராய்ச்சி செய்து 2012-ல் முடிவு வெளியிட்டார்கள். கணக்கிலும் பாஷையிலும் குழந்தைகளின் மார்க்கு உயர்ந்ததாகத் தெரியவில்லை.

நம் தேசத்தில் 1975-ம் வருஷம் ஆகஸ்டு 1-ந் தேதி முதல் ஒரு வருஷம் நடந்த செயற்கைக்கோள் டெலிவிஷன் பரீக்ஷையைப் படித்தபோது என் களைப்பெல்லாம் போய் விட்டது. அமெரிக்காக்காரர்களிடம் ஒரு செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு ராஜ்யங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குப் பாடங்களை அனுப்பினார்கள். தமிழ்நாடு அவற்றில் இல்லை. கிராமத்தில் கோழிக் கூண்டுக்குப் போடுவது போன்ற கம்பி வலையால் குடை மாதிரி ஒன்று செய்து வைத்தார்கள்; மின்சாரமில்லாத ஊரில் பாட்டரி வைத்தார்கள். காலையில் குழந்தைகளுக்குப் பாடம், மாலையில் பெரியவர்களுக்கு நிகழ்ச்சி. விடுமுறையில் ஏறத்தாழ 50,000 உபாத்தியாயர்களுக்கு அதன் மூலமே ஸயன்ஸ் கற்பிக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பெட்டி கெட்டுப் போனால் யார் போவது, எங்கிருந்து போவது என்பதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார்கள். 1976 ஜூலை 31-ந் தேதி தவணை முடிந்தது. இரவல் பொருள் சொந்தக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. இரவலில் வாழ்கிற திட்டத்துக்கு அதுதான் கதி என்றாலும், பழுது பார்க்கும் ஆளை முதலிலேயே கணக்கில் சேர்த்தார்களே, அதற்காகவே அவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் புரொஜக்டர் ஒன்று இருக்கிறது. எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அதன் பல்பு போய் நாலு வருஷம் ஆகிறது. ஆயுத பூஜையன்று உறையை நீக்கிச் சந்தனம், குங்குமம் வைத்து, மறுபடி உறை போட்டு விடுகிறார்கள்.

ஆகவே, வியாபாரியின் பட்டியலை எடுத்து வைத்து விட்டு, ஒரு நோட்டுப் புஸ்தகமும் கைக்கடியாரமுமாக ஒரு வாரம் எங்கள் பள்ளியைச் சுற்றி வந்தேன். எங்களிடம் ஏற்கெனவே பத்துக் கம்ப்யூட்டர் உள்ள அறை ஒன்று உண்டு. சாவி குமாஸ்தாவிடம் இருக்கிறது. அவர் பாங்கிக்குப் போகும் நாளில் சாவியும் பாங்கிக்குப் போய் விடும். குழந்தைகள் 412, வகுப்புகள் 11. வாரத்துக்கு 35 பீரியடு என்றால், ஒரு வகுப்புக்கு மூன்று கிடைக்கும். பீரியடு 40 நிமிஷம். வரிசையாகப் புறப்பட்டு, மைதானத்தைக் கடந்து, செருப்பைக் கழற்றி உட்கார ஆறு நிமிஷம்; திரும்பி வர ஆறு நிமிஷம். மிச்சம் 28. ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி நாலு குழந்தைகள். எல்லாம் போக, ஒரு குழந்தையின் விரல் சாவிப் பலகையின் மேல் இருப்பது வாரத்துக்கு 21 நிமிஷந்தான்! இதைக் கணித டீச்சரிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை சரி பார்த்து விட்டு, “மின்சாரம் நிக்காத வாரத்துக்குத்தான் இந்தக் கணக்கு, அக்கா” என்றார்.

2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோதும் இதையேதான் கண்டோம். வீட்டில் டெலிபோன் இருக்கிறதா என்று சர்க்கார் பாரத்தில் கேட்டார்கள்; பெற்றோர் ‘இருக்கிறது’ என்று எழுதினார்கள். அது அப்பாவின் சட்டைப் பையில் வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பும் என்பதை எழுதப் பாரத்தில் இடமில்லை.

இனி ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பார்வை மிகவும் குறைவு. முன் பெஞ்சியில் உட்கார்ந்தாலும் கரும்பலகையில் எழுதியது தெரியாது. பக்கத்துப் பெண் காதோடு காதாய்ச் சொல்வதைக் கேட்டே எழுதுகிறாள். அந்தச் சிநேகிதி வராத நாளில் இவளுக்குப் பாடமே கிடையாது. கைப்பலகை போன்ற ஒரு டாப்லெட் இருந்தால், கரும்பலகையைப் படம் பிடித்து எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கிப் படிப்பாள். பார்வை அறவே இல்லாதவர்களுக்குக் கூடத் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் இலவச ஏற்பாடுகள் கம்ப்யூட்டரில் வந்திருக்கின்றன. யந்திரமே வேண்டாம் என்று மணலைக் கொண்டாடுகிறவர்களோடு நான் சேராதது இந்தப் பெண்ணை முன்னிட்டுத்தான். அவளுக்கு இந்த யந்திரம் அலங்காரமல்ல, கண்.

என் திட்டம் உருவான கதை இதுதான். அறையின் மின்சாரக் கம்பிகளையும் பாட்டரியையும் சீர்படுத்த ரூ. 40,000. மூன்று வருஷத்துப் பழுது வேலைக்கென்று பாங்கியில் போட்டு வைக்க 60,000. டீச்சர்கள் பயிற்சி பெறும் நாட்களில் அவர்களுக்குப் பதில் ஆள் போட 30,000. சக்கர வண்டியில் வைத்து வகுப்புக்கு வகுப்பு தள்ளிக் கொண்டு போகும் புரொஜக்டர் ஒன்று, 45,000; குழந்தைகள் மைதானத்தைக் கடக்கிற பன்னிரண்டு நிமிஷம் அதனால் மிச்சம். அந்தப் பெண்ணுக்கு டாப்லெட் 18,000. பாக்கி ரூ. 1,07,000-ஐ முதல் வருஷம் தொடவே கூடாது. ஒரு வருஷம் நடந்ததைப் பார்த்த பிறகே யோசிக்க வேண்டும். சாவிக்கு இன்னொரு பிரதி எடுக்க ஆகும் செலவை நானே கொடுப்பதாக உத்தேசம்.

தலைமை ஆசிரியை படித்துப் பார்த்தார். “எல்லாம் சரி, டீச்சர். ஆனா, செலவழிக்காம வைக்கவா அவங்க பணம் கொடுத்தாங்க? திறப்பு விழா வைக்கிற மாதிரி இதிலே ஒண்ணுமே இல்லையே?” என்றார். நியாயமான கேள்வி. பாட்டரிக்கு ரிப்பன் கட்டி வெட்ட முடியாது. கமிட்டி முன்னால் இதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். ஸெமினாரில் பதினைந்து பேரும் கிளறிய பிறகு எனக்கே ஏதாவது தெளிவு பிறக்கலாம்.

ஸெமினார்ப் பாரத்தில் செலவு ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘பயனடைவோர் எண்ணிக்கை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. புரொஜக்டருக்கு எதிரே 412 என்று எழுதினேன். டாப்லெட்டுக்கு எதிரே 1 என்று எழுதினேன். “வெறும் ஒண்ணுன்னு போட்டா அடிச்சிடுவாங்க, அம்மா. பார்வைக் குறை உள்ள மாணவிகள்னு பொதுவாப் போட்டுடேன்” என்று என் பெண் யோசனை சொன்னாள். காலேஜில் படிக்கிறவள், பாரம் நிரப்பும் வித்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். நான் 1 என்றே விட்டு விட்டேன்.

திட்டம் பதினோரு பக்கம் வந்திருக்கிறது. மூன்று பக்கம் குறைத்தாக வேண்டும். மணல் கதையை எடுத்து விடு என்கிறார் என் கணவர். அதை மட்டும் தொடாதே என்கிறார் மாமியார். ஞாயிற்றுக்கிழமை இரவு ரயில். அதற்குள் பெருவையாவது கொஞ்சம் சுருக்கிப் பார்க்க வேண்டும்.