புதுவையில் கண்ட பிரெஞ்சு வாழ்க்கை

பிரெஞ்சுக்காரர்களின் பழக்க வழக்கங்களை அறியப் பாரிஸ் வரை போக வேண்டுமா, வாசகர்களே? வேண்டியதில்லை. சென்னையில் இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பஸ் ஏறினால் நாலு மணி நேரத்தில் புதுச்சேரி வந்துவிடும். குளுவாங் வட்டாரத் தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கும் நான், நீண்ட விடுமுறையில் பத்து நாள் அங்கே மாணவனாக இருந்துவிட்டு வந்தேன்.

ஊரை ஒரு கால்வாய் இரண்டாகப் பிரிக்கிறது. கடல் பக்கம் வெள்ளையர் குடியிருந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. நம் தோட்டத்துத் துரை பங்களாவும் லயமும் போலத்தான். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-இல் கை மாறியது. ஆனால் போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி போகவில்லை. நகரசபையை இன்னமும் 'மேரி' என்றே சொல்கிறார்கள். மாலையானால் கடற்கரைச் சாலையில் வண்டிகளைத் தடுத்துவிடுகிறார்கள். ஊரே குடும்பத்தோடு காலாற நடக்கிறது.

முதல் பாடம் வணக்கம்

நான் தங்கிய வீட்டுப் பெரியவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற தமிழர். அப்படிப்பட்டவர்களை அங்கே 'சொல்தா' என்பார்கள். "பிரான்ஸில் கடைக்குள் நுழைந்ததும் சாமான் பெயரைச் சொல்லிவிடக் கூடாது, தம்பி. முதலில் 'போன்ழூர்'. பிறகுதான் வியாபாரம். அதைச் சொல்லாதவனை மரியாதை தெரியாதவன் என்று எண்ணிவிடுவார்கள்" என்றார் அவர். நம்மைப் போலவே அவர்களுக்கும் 'நீ' வேறு, 'நீங்கள்' வேறு. அறிமுகமில்லாதவரை 'நீ' என்றால் முகம் சுளிப்பார்கள். பெயருக்கு முன் போடும் 'முசியே' என்ற மரியாதைச் சொல், ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பிலேயே 'முசே' என்று தமிழாகிவிட்டது.

காலையில் நீளமான ரொட்டியை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். நம் லயத்துக்கு மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரரை நினைத்துக்கொண்டேன். அவர்கள் ரொட்டி மேலே மொறுமொறுப்பு, உள்ளே மிருது. அன்றன்று சுட்டதை அன்றே தின்றுவிட வேண்டும். கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கம் மட்டும் நடக்கவில்லை. நம் தாளிப்பு வடகம் 'வதுவான்' என்ற பெயரில் பிரெஞ்சுச் சமையலறைக்குப் போயிருக்கிறது. மத்தியானம் பல கடைகள் மூடிக் கிடக்கும். உண்டு, உறங்கி, நாலு மணிக்கு மேல் திறப்பார்கள்.

மாலையில் ஆண்கள் 'பெத்தாங்' ஆடுகிறார்கள். சிறிய மரக்குண்டு ஒன்றை உருட்டிவிட்டு, கனமான இரும்புக் குண்டுகளை அதன் அருகே விழும்படி வீச வேண்டும். வீசும்போது இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். மரக்குண்டின் பெயருக்குப் 'பன்றிக்குட்டி' என்று அர்த்தமாம்! ஜூலை 14 பிரெஞ்சுத் தேசிய தினம். போர் நினைவுச் சின்னத்தின் முன் முன்னாள் சிப்பாய்கள் பதக்கங்களோடு நிற்க, இரு நாட்டுக் கீதங்களும் ஒலிக்கும்.

ஒரு ஜோடு, ஒரு கையெழுத்து

இவ்வளவையும் ரசித்தேன். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வக்கீல், ஐரோப்பியர் போலக் காலில் பூட்ஸ் அணிந்து புதுவை நீதிமன்றத்துக்குள் போனார். நீதிபதி அவர்மீது நடவடிக்கை எடுத்தார். வக்கீல் விடவில்லை, பாரிஸில் உள்ள மேல் நீதிமன்றம் வரை வழக்காடி வென்றார். 1881-இல் வந்த சட்டப்படி, விரும்பிய இந்தியர்கள் தம் பழைய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கலாம். அவரும் ஏற்று, 'லாபோர்த்' என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார். 'கதவு' என்று பொருள். 1941-இல் கிள்ளானில் வேலைநிறுத்தம் செய்த நம் தோட்டத் தொழிலாளிகள், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கக் கேட்டதும் இதே மானத்துக்காகத்தான்.

இன்னொன்று காகித விஷயம். 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, புதுவையில் குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் இந்தியக் குடிமக்கள். எழுதிக் கொடுத்தவர்கள் சுமார் 5,000 பேர்தான். பெரியவரின் தகப்பனார் கையெழுத்திட்டார். சித்தப்பாவோ, கப்பலேற்றி விடுவார்களோ என்று பயந்து ஒதுங்கிவிட்டார். ஒரே வீட்டுப் பிள்ளைகள், இன்று இரண்டு நாட்டுப் பிரஜைகள். "விரும்பி இந்தியரானவர்கள் பலர், தம்பி. சித்தப்பா விரும்பியா ஆனார்? காகிதத்தைக் கண்டு பயந்தல்லவா ஆனார்?" என்றார் பெரியவர்.

இது நமக்குப் புதிய கதையா? மெர்டேக்கா சமயத்தில் பாரத்தை நிரப்பாமல் விட்டு, சிவப்பு அடையாளக் கார்டோடு காலம் தள்ளிய தாத்தா பாட்டிகள் எத்தனை பேர்! இன்றும் பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிக்கு வந்து நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வாய்ப்புள்ளவர்கள் ஒருமுறை புதுவைக்குப் போய் வாருங்கள். 'போன்ழூர்' சொல்லிப் பாருங்கள், ரொட்டி தின்று பாருங்கள். அதற்கு முன் வீட்டு அலமாரியைத் திறந்து, பிள்ளைகளின் பத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ஏதாவது குறைந்தால் பதிவு இலாகாவுக்கு நாளையே போங்கள். பாரம் புரியவில்லையென்றால் பக்கத்துப் பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள். கூச்சம் வேண்டாம், நிரப்பிக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம்.