இருபுறமும் திறந்த குழாய்

திங்கள்

முழங்கால் ஸ்கேனுக்கு வந்தவர் பயந்தாலும் அசையாமல் படுத்திருந்தால் எனக்குப் படம் கிடைத்துவிடும். இதய எம்.ஆர்.ஐ. அப்படியில்லை. ஈ.சி.ஜி. துடிப்பை ஒட்டித்தான் மெஷின் படம் எடுக்கிறது. பயத்தில் நாடி எகிறினாலோ, மூச்சை நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்த முடியாமல் போனாலோ படம் கலங்கும். திரும்ப எடுக்க வேண்டும். முக்கால் மணி நேர வேலை ஒரு மணி நேரத்தைத் தாண்டும், பயமும் அதோடு கூடும்.

இன்று மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், கையில் ஊசி ஏற்றி மார்பில் ஒயர் ஒட்டியான பிறகு, குழாயைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "உள்ள தள்ளுனா ஆளைத் திருப்பி விடுவீகளா தம்பி?" கேலியாகக் கேட்கவில்லை. இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பினோம்.

முன்னாடியே கூட்டி வந்து காட்டலாம் என்றால் மெஷின் காலியாக இருப்பதே இல்லை. வீட்டிலிருந்தே பார்க்கும்படி 360 டிகிரி வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன?

புதன்

லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனை குழந்தைகளுக்காகச் செய்த செயலியைப் பற்றிப் படித்தேன். கைபேசியை அட்டைக் கண்ணாடியில் செருகி மாட்டிக்கொண்டால் குழாய்க்குள் போய் வந்துவிடலாம். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். ஜி.இ. நிறுவனத்து டக் டீட்ஸ் போன வழி வேறு. தான் வடிவமைத்த மெஷினைப் பார்த்து ஒரு சிறுமி அழுததைக் கண்டவர், பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் ஸ்கேன் அறையையே கடற்கொள்ளையர் கப்பலாக்கினார். பிள்ளைகளுக்குச் சரி. பேரன் பேத்தி எடுத்தவருக்குக் கப்பல் எதற்கு? உள்ளே என்ன நடக்கும் என்று ஒளிக்காமல் சொன்னால் போதும்.

வெள்ளி

விளம்பரப் பிரிவு ஒரு மாதிரி வீடியோ காட்டியது. ட்ரோனில் கட்டடம், வரவேற்பறை நீரூற்று, சிரித்த முகங்கள். கடைசியில் மெஷின் கொஞ்ச நேரம் வந்தது, பின்னணியில் வீணையோடு. கல்யாண மண்டபத்து விளம்பரம் தோற்றது. இதைப் பார்த்துவிட்டு வருபவர் முதல் 'டக் டக் டக்'கிலேயே எங்களை நம்புவதை விட்டுவிடுவார். சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காதடைப்பான் கொடுப்பதே அதற்குத்தான். சத்தத்தை அப்படியே போட வேண்டும் என்று சண்டை பிடித்தேன்.

அதைவிட முக்கியம் அமைதி. ஒரு தொடர் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை மெஷின் சும்மா இருக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் அடுத்த கோணத்தைக் குறித்துக்கொண்டிருப்பேன். உள்ளே இருப்பவருக்கோ, எல்லோரும் போய்விட்டார்கள், கரண்ட் போய்விட்டது என்று தோன்றும். கையில் இருக்கும் அழைப்பு மணியை அழுத்துகிறவர்களில் பலர் அந்த நேரத்தில்தான் அழுத்துகிறார்கள். வீடியோவிலும் அந்த வெறுமை வரட்டும். பிறகு என் குரல்: "இங்கதான் இருக்கேன், அடுத்தது மூச்சு." அப்புறம் "இழுங்க, விடுங்க, நிறுத்துங்க." பத்துப் பதினைந்து விநாடி. பார்ப்பவர் வீட்டுக் கட்டிலிலேயே இதைப் பழகிக்கொள்ளலாம். எனக்கு உண்மையான லாபம் இதில்தான்.

ஞாயிறு

படப்பிடிப்பு. 1.5 டெஸ்லா காந்தம். ஞாயிறு என்று அணைக்கிற சமாச்சாரம் இல்லை. கேமராவைக் கைக்காந்தத்தால் சோதித்து, இயற்பியலாளர் பக்கத்தில் நிற்க, மேசையோடு நாடாவால் கட்டி உள்ளே அனுப்பினோம். சத்தத்துக்குத் தண்ணீர்க் குடுவையைப் படுக்கவைத்துத் தனியாக ஸ்கேன் ஓட்டினோம்.

குழாயின் விட்டம் 70 செ.மீ. படத்தில் பார்த்தபோது எனக்கே இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணாந்தால் பின்பக்கத்து வெளிச்சம் தெரிகிறது. பலரும் அந்தப் பக்கம் மூடியிருப்பதாகவே நினைக்கிறார்கள். காந்தத்தின் நடுவுக்கு இதயம் வர வேண்டும் என்பதால் தலை அந்த வாய்க்கு அருகில்தான் இருக்கும். இதை வாயால் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அண்ணாந்து பார்த்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடுகிறது.

வியாழன்

வீடியோ பார்த்த ஒருவர் போன் செய்து, வரமாட்டேன் என்றார். சின்ன வயதில் கிணற்றுக்குள் சிக்கியவராம். விளம்பரப் பிரிவுக்கு இது தோல்வி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊசி ஏற்றிய பிறகு எழுந்து உட்காருவதைவிட, மூன்று நாள் முன்பு போனில் சொன்னது எவ்வளவோ மேல். டாக்டர் அவரிடம் பேசி, லேசான மயக்க மருந்தோடு எடுக்கலாம் என்றிருக்கிறார். மூடிய இடமென்றாலே உயிர் போகும் அளவுக்குப் பயம் உள்ளவர்களை வீடியோ மாற்றிவிடாது.

சனி

அடுத்த வீடியோ இதய சி.டி. அறைக்கு. அங்கே குழாய் இல்லை, அகலமான வளையம்தான். படம் எடுப்பது சில விநாடி. துடிப்பு 60, 65-க்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரை கொடுத்து இறக்குவோம். காலையில் காப்பி குடித்துவிட்டு வந்தவர்களிடம் அதற்கே பாதிப் பொழுது போகிறது. ஆனால் ஜனங்கள் மிரள்வது சாய மருந்து ஏறும்போதுதான். உடம்பெல்லாம் சூடு ஓடி அடிவயிற்றில் இறங்கும். சிறுநீர் போய்விட்டதோ என்று கூசிப் போவார்கள். எந்தக் கேமராவாலும் அதைக் காட்ட முடியாது, வாயால்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சிஸ்டர் அக்காவைப் பேசச் சொல்லியிருக்கிறேன். ஷிப்ட் முடிந்து வருகிறேன் என்றார்.