பால் சங்கின் அளவு

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு சங்கு இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். மூக்குப் பக்கம் தேய்ந்து தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. நான் அதில் குடித்தேன், எனக்குப் பின் பிறந்த மூன்று பேர் குடித்தார்கள், பிறகு என் மகன் குடித்தான். தூத்துக்குடியில் குளித்தெடுத்த சங்கெல்லாம் வங்காளத்துக்குப் போய் வளையலாகும். எங்களைப் போன்றவர்கள் வீட்டில் தங்கிப்போன ஒன்றிரண்டு, பால் சங்காகும்.

அப்பா சங்குக் கிட்டங்கியில் கணக்கெழுதினார். கரைக்கு வந்த சங்கை அளவுக்கட்டையின் ஓட்டையில் விட்டுப் பார்ப்பார்களாம். விழுந்துவிட்டால் அது இன்னும் வளரவேண்டிய சங்கு. கடலுக்கே திருப்பி விடவேண்டும். "சங்குக்கும் அளவு உண்டு, சங்குல ஊத்துற பாலுக்கும் அளவு உண்டுல" என்பார். சின்ன வயதில் அது எனக்கு வெறும் பேச்சு. எழுபதைத் தாண்டிய பிறகுதான் அதன் எடை தெரிந்தது.

போன மாதம் மருமகள் ஒரு கண்ணாடி பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். திமிலோடு ஒரு மாட்டுப் படம். 'ஏ2 நாட்டு மாட்டுப் பால்' என்று கொட்டை எழுத்து. லிட்டர் நூற்றுப் பத்து ரூபாய்.

"பாப்பாவுக்கு இனிமே இதான் மாமா. தாய்ப்பாலுக்குச் சமம்னு போட்டிருக்கு. எலும்பு, மூளை, எதிர்ப்புச் சக்தி எல்லாத்துக்கும் நல்லதாம்."

பேத்திக்குப் பத்து மாதம்.

"நல்லதுதாம்மா. யாருக்கு, எவ்வளவுன்னு அதுல போட்டிருக்கா?" என்றேன்.

அவள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இல்லயே மாமா. அப்போ நீங்களே சொல்லுங்க" என்று எதிரில் உட்கார்ந்துவிட்டாள். அன்று அவளிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

என் ஆச்சி ஊர் ஒட்டப்பிடாரம் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். தொழுவில் ஒரு செவலைப் பசு. வேளைக்கு ஒரு செம்பு நிறையக் கறந்தால் ஆச்சி முகம் மலரும். நான்கு காம்பில் இரண்டு நமக்கு, இரண்டு கன்றுக்கு என்பது அவள் வைத்த சட்டம். பாலுக்காக அந்த மாட்டை யாரும் வளர்க்கவில்லை. ஏருக்கும் பருத்தி வண்டிக்கும் காளை ஈனவேண்டும் என்றுதான் வளர்த்தார்கள். தமிழ்நாட்டின் காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம் எல்லாமே உழைப்புக்குப் பேர்போன இனங்கள். கறவைக்குப் பேர்போன கிர், சாஹிவால், சிவப்புச் சிந்தி மாடுகள் வடமேற்கே குஜராத், பஞ்சாப், சிந்து பக்கத்தவை.

கிடைத்த அந்தக் கொஞ்சப் பாலை ஆச்சி பங்கிடுவதைப் பார்க்கவேண்டும். முதலில் பிள்ளைகளுக்கு. அடுத்தது காய்ச்சலில் கிடப்பவருக்கு. மிச்சத்துக்கு உறை ஊற்றிவிடுவாள். மறுநாள் கடைந்த மோர்தான் பெரியவர்களுக்கு, கம்மங்கஞ்சியோடு. வளர்ந்த ஆம்பளை ஒருவர் உட்கார்ந்து ஒரு டம்ளர் பால் குடித்ததை அந்த வீட்டில் நான் பார்த்ததேயில்லை.

இனி பாலுக்குள் இருப்பதைப் பார்ப்போம். 100 மில்லி பசும்பாலில் சுமார் 3 கிராம் புரதம், 120 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம், நாலரை கிராமுக்குக் குறையாமல் லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை. பி12, ரிபோஃபிளேவின், பாஸ்பரஸ் ஆகியவையும் உண்டு. மீனும் கறியும் தொடாதவர்களுக்கு பி12 கிடைக்கும் வழிகளில் பாலும் தயிரும் முக்கியமானவை. நாட்டு மாட்டுப் பாலில் கொழுப்பு சற்றுக் கூடுதல். அதனால் நாக்குக்குத் திடமாக இருக்கும். புரதத்திலும் கால்சியத்திலும் கலப்பினப் பாலுக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை. நெய்யின் மஞ்சள் நிறத்தைக் காட்டி இன்றும் பெருமை பேசுகிறார்கள். பசும்புல்லில் இருக்கும் கரோட்டின்தான் அந்த மஞ்சள். ஜெர்சிக்குப் பச்சைத் தீவனம் போட்டாலும் நெய் மஞ்சளாகத்தான் இருக்கும். எருமை அந்தக் கரோட்டினை வைட்டமின் ஏ-வாக மாற்றிவிடுவதால் அதன் பாலும் நெய்யும் வெள்ளை.

அப்படியென்றால் இந்த 'ஏ2' என்ன? முத்துநகர்க்காரனாக ஒரு முத்துச்சரத்தை வைத்தே சொல்கிறேன். பாலில் பீட்டா கேசீன் என்றொரு புரதம் உண்டு. 209 அமினோ அமிலங்களைக் கோத்த சரம் அது. அதில் 67ஆவது முத்து புரோலினாக இருந்தால் ஏ2, ஹிஸ்டிடினாக இருந்தால் ஏ1. ஒரே ஒரு முத்துதான் வித்தியாசம். ஏ1 செரிக்கும்போது அந்த இடத்தில் சரம் அறுந்து பிசிஎம்-7 என்ற துணுக்கு வெளியாகிறது. அது நோய்க்கு வழிவைக்கும் என்று சிலர் சொன்னார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, 2009இல், இதற்கும் நோய்களுக்கும் காரண காரியத் தொடர்பு நிலைநாட்டப்படவில்லை என்று சொன்னது.

நம் திமில் மாடுகளின் பால் ஏறக்குறைய முழுக்க ஏ2 என்பது மெய். கர்னாலில் உள்ள விலங்கு மரபு வள ஆய்வு நிலையத்தார் சோதித்துச் சொன்னது அது. ஆனால் எருமைப் பாலும் அந்த வகைதான். ஆட்டுப் பாலும் அப்படித்தான். ஜெர்சி மாடுகளிலும் ஏ2 நிறைய உண்டு. தெருமுனையில் எருமைப்பால் ஊற்றுகிற அண்ணாச்சி இதையெல்லாம் லேபிளில் ஒட்டாததால் அவருக்கு விலை ஏறவில்லை, அவ்வளவுதான்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் திரண்டபோது நாட்டு மாடு மறுபடி ஊர்ப்பேச்சானது. அது நல்ல காரியம். அந்த அன்பின் மேல் ஏறி வியாபாரமும் வந்தது. 2024 ஆகஸ்ட் 21 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பால் பொருள்களின் உறைகளில் ஏ1, ஏ2 என்று போட்டு விற்கக் கூடாது என்றது. ஐந்தே நாளில், ஆகஸ்ட் 26 அன்று, அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே லேபிளைச் சோதிக்கும் வேலை நம் தலையில்தான் இருக்கிறது.

எங்கள் தூத்துக்குடியில் 1955 தொடங்கி 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. கடைசித் தடவையின்போது எனக்குப் பத்து வயது. கரையில் சிப்பியைக் குவித்து, திறக்காமலே, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். எடுத்தவர்கள் கையில் கத்தியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் பிளப்பார்கள். சிப்பியின் முதுகைப் பார்த்து உள்ளே முத்திருக்கிறது என்று சொன்ன ஆளை நான் கண்டதில்லை. பாட்டிலின் முதுகை மட்டும் பார்த்து நாம் எப்படிச் சொல்கிறோம்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, எலும்புக்கு நல்லதென்று இரவு ஒரு டம்ளர் பால் குடிக்க ஆரம்பித்தேன். வயிறு பொருமியது, விடியுமுன் இரண்டு தடவை எழுந்து ஓடவேண்டியிருந்தது. பாக்கெட் பால்தான் குற்றவாளி என்று முடிவுகட்டி, ஒரு நண்பர் சொன்னபடி நாட்டு மாட்டுப் பாலுக்கு மாறினேன். பையிலிருந்து காசு கூடுதலாய்ப் போனது, பொருமல் போகவில்லை. டாக்டர் சிரித்தார். "உங்களுக்குப் புரதத்தோட சண்டை இல்ல சார், சர்க்கரையோட சண்டை. எந்த மாட்டுப் பால்லயும் அது உண்டு" என்றார். வயது ஏற ஏற நம்மில் பலருக்கு லாக்டோஸை உடைக்கும் நொதி குறைந்துவிடுகிறதாம். உறை ஊற்றினால் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு புளித்து லாக்டிக் அமிலமாகிவிடும், வயிறு தாங்கும். ஆச்சி பெரியவர்களுக்கு மோரை வைத்ததற்குப் பின்னால் இருந்த கணக்கு, எழுதப் படிக்கத் தெரியாத அவளுக்குக் கை வழியாக வந்திருக்கிறது. படித்த எனக்கு அது வந்துசேர இவ்வளவு நாளாயிற்று.

இன்னொரு சங்கதி. 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. கலப்படம் பற்றித்தான் எல்லோரும் பயந்தோம். பெரும்பாலான பால் அந்த வகையில் தேறிவிட்டது. ஆனால் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நஞ்சு சில மாதிரிகளில் அளவு மீறி இருந்தது. அப்படிக் கண்ட இடங்களில் முன்னால் நின்றது நம் தமிழ்நாடு. பூஞ்சை பிடித்த புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் மாடு தின்றால் அந்த நஞ்சு மடி வழியாக இறங்கிவிடும்; காய்ச்சினாலும் போகாது. ஈரம் பட்ட புண்ணாக்கைத் தின்றால் காங்கேயம் பசுவும் அதைத்தான் கறக்கும். ஆச்சி பருத்திக்கொட்டையையும் புண்ணாக்கையும் வெயிலில் காயவைத்துத்தான் மூட்டை கட்டுவாள். கட்டி தட்டிப் பச்சை பூத்திருந்தால் குப்பைக்குழிக்குப் போகும். 'மாடு வாயில போறதுதான் பிள்ள வாயில வரும்' என்பாள்.

பச்சையாகக் கறந்த பாலை அப்படியே குடிப்பது சத்து என்று இப்போது கிளப்பியிருக்கிறார்கள். புருசெல்லா கிருமியும் காசநோய்க் கிருமியும் நாட்டு மாட்டையும் விட்டுவைப்பதில்லை. பொங்க வைத்த பிறகே எங்கள் வீட்டில் பால் சங்குக்கு வந்தது.

"அப்போ நாட்டு மாடே வேண்டாமா மாமா?" என்று மருமகள் கேட்டாள்.

வேண்டும் என்றேன். அழுத்தியே சொன்னேன். 2019 கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 19 கோடி மாடுகள். அவற்றில் நாட்டு வகை 14 கோடிக்கு மேல். முந்தைய கணக்கெடுப்பைவிட நாட்டு வகை குறைந்துபோனது, கலப்பினம் கூடியது. வானம் பார்த்த பூமியில், சோளத்தட்டையைத் தின்று, சித்திரை வெயிலைத் தாங்கி, உண்ணிக்கும் காய்ச்சலுக்கும் எளிதில் சாயாமல் நிற்கிற உடம்பு அதற்கு உண்டு. அப்படியொரு உடம்பைத் தொலைத்துவிட்டால் மறுபடி உண்டாக்க முடியாது. குறைவாகக் கறக்கிற மாட்டை வளர்ப்பவருக்குக் கூடுதல் விலை கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் அதை விற்றுவிடுவார். ஆகவே மாட்டைக் காப்பாற்ற நூறு ரூபாய் கொடுப்பது நியாயம். மருந்தென்று நினைத்துக் கொடுப்பதுதான் ஏமாற்றம்.

கடைசியாக, அளவு. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும். ஒரு வயது முடியும்வரை எந்த மாட்டுப் பாலும் தாய்ப்பாலின் இடத்துக்கு வரக்கூடாது. மாட்டுப் பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, பிஞ்சு உடம்புக்குப் புரதமும் உப்பும் அதிகம். வளர்ந்தவர்களுக்கு நாளுக்குப் பாலோ தயிரோ 300 மில்லி போதும் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. அதில் ஒரு நாளைக்கு வேண்டிய கால்சியத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். மிச்சத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது, முருங்கைக்கீரை இருக்கிறது. நம் கரையில் முள்ளோடு மெல்லுகிற நெத்திலி இருக்கிறது. பால் வாங்க வழியில்லாத எத்தனையோ கடலோர வீடுகளில் பிள்ளைகளின் எலும்பு அந்த நெத்திலியால் வளர்ந்திருக்கிறது.

மருமகள் பாட்டிலை எடுத்து அடுப்பில் காய்ச்சினாள். ஆறியதும் உறை ஊற்றி மூடிவைத்தாள். பாப்பாவுக்குத் தாய்ப்பாலும், குழைய வேகவைத்த பருப்புச் சோறும். அலமாரியிலிருந்த சங்கைக் கழுவி, "இது எதுக்கு ஆகும் மாமா?" என்றாள். குறைமாதத்தில் பிறந்து, இன்னும் சப்பத் தெரியாத பிள்ளைகளுக்குப் பீச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில் புகட்டுகிறார்கள், இன்றும், பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே. அந்தப் பாலாடை இந்தச் சங்கின் வடிவம்தான் என்றேன்.

நாட்டு மாட்டுப் பால் வாங்குகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மாதத்துக்கு ஒரு நாள் அந்தத் தொழுவுக்குப் போய் வாருங்கள். மாட்டின் திமிலை அப்புறம் பார்க்கலாம். முதலில் தொட்டியில் கையை விட்டுப் புண்ணாக்கை முகர்ந்து பாருங்கள். பிறகு கன்றின் வயிற்றைப் பாருங்கள். கன்று ஒட்டிக் கிடந்தால் அந்தப் பாலை வாங்காதீர்கள்.