குத்தம் துப்பாக்கி மேலயா, என் மேலயா?

டிஸ்கி: இது மான் வேட்டை சம்பந்தப்பட்ட பதிவு. மனசு ஒப்பாதவங்க இப்படியே எஸ்கேப் ஆகிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

பென்சில்வேனியாவுக்குக் குடிவந்து எட்டு வருஷம் கழிச்சுதான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடிச்சது. இங்க 2018 வரைக்கும் தேங்க்ஸ்கிவிங் முடிஞ்சு வர்ற திங்கக்கிழமைதான் மான் சீசன் தொடங்கும். பல ஊர்கள்ல அன்னிக்குப் பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்டுடுவாங்க. 2019-லேர்ந்து அது சனிக்கிழமைக்கு மாறிடுச்சு. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் என்னை வேட்டைப் பாதுகாப்பு வகுப்புல சேர்த்துவிட்டு, லைசென்ஸ் எடுக்க வச்சு, கடைசியில தன்னோட பழைய ரெமிங்டன் 760-ஐயும் என் தலையில கட்டினார்.

இந்த 760 ஒரு பம்ப் ரைபிள். 1952-ல வந்தது, 1981 வரைக்கும் தயாரிச்சாங்க. இடது கை பிடிக்கிற முன்கட்டையைப் பின்னால இழுத்து முன்னால தள்ளினா காலி கேஸ் வெளிய விழுந்து அடுத்த தோட்டா ஏறிக்கும். துப்பாக்கியைத் தோள்லேர்ந்து எடுக்கவே வேணாம். பல தலைமுறையா மான் வேட்டைக்கு செமி ஆட்டோமேட்டிக் ரைபிளை அனுமதிக்காத மாநிலம் இது. அதனால இங்க இந்த மாடல் சக்கைப் போடு போட்டுச்சு. 'அமிஷ் மெஷின் கன்'னு ஒரு பட்டப்பேரே உண்டு. குதிரை வண்டியில போற அமிஷ் ஜனங்க பேர்ல மெஷின் கன், குசும்பைப் பாருங்க.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

2023 நவம்பர் 25, சீசனோட முதல் நாள். காலை ஏழரை இருக்கும். 80 கஜத்துல ஒரு பெண்மான், பக்கவாட்டுல நிக்குது. முட்டி போட்டு, நெஞ்சுக்கு நேரா குறி வச்சு சுட்டேன். ஒரு துள்ளு துள்ளி ஓடிடுச்சு. போய்ப் பார்த்தா இலை மேல கொஞ்சம் வெள்ளை முடி, நாலஞ்சு சொட்டு ரத்தம். வெள்ளை முடி அதுக்கு அடிவயித்துப் பக்கம் இருக்கறது. அதாவது குண்டு கீழ போயிருக்கு. ரெண்டு மணி நேரம் ரத்தத்தைத் தேடித் தேடிப் போனேன். ஒரு ஓடையோட தடயம் நின்னுபோச்சு.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "அது இப்போ எங்கங்க படுத்திருக்கும்?"

சோறு இறங்கல மக்கா.

போன வாரம்தானே ரேஞ்சுல மேசை மேல மணல் மூட்டை வச்சு, 100 கஜத்துல மூணு குண்டையும் நட்ட நடுவுல, ஒன்றரை இன்ச்சுக்குள்ள போட்டேன்? அப்ப இது எப்படி? ஸ்கோப் எங்கயோ இடிபட்டு நகர்ந்திருக்கணும்னு முடிவே கட்டிட்டேன். நம்ம மேல தப்பு இருக்கும்னு மனசு ஒத்துக்குமா என்ன.

அடுத்த வாரம் மறுபடி ரேஞ்சு. அதே மேசை, அதே மூட்டை. மூணு குண்டும் நட்ட நடுவுல. ஸ்கோப் நிரபராதி!

கூட வந்த பெரியவர் சிரிச்சார். "முன்கட்டையை மூட்டை மேல வச்சு சுடறியே, காட்டுக்கு மூட்டையைத் தூக்கிட்டா போனே?"

போல்ட் ரைபிள்ல கட்டை அசையாது, முன்பக்கத்தை மூட்டை மேல வச்சு நிம்மதியா சுடலாம். பம்ப்புல முன்கட்டை ஒரு குழாய் மேல ஓடுது. அந்தக் குழாய் பேரலோட அடிப்பக்கம் பிணைஞ்சிருக்கு. கட்டையை மூட்டை மேல அழுத்தினா அந்த அழுத்தம் குழாய் வழியா பேரலுக்குப் போய் அதை மேல தள்ளுது. குண்டு மேல போகுது. நான் அதுக்கு ஏத்த மாதிரி ஸ்கோப்பைத் திருகி நடுவுக்குக் கொண்டு வந்திருக்கேன். காட்டுல மூட்டை இல்ல, கையிலதான் பிடிக்கிறேன், குண்டு கீழ இறங்கிடுது. 'பம்ப் துல்லியமா சுடாது'ன்னு சொல்றவங்கள்ல பாதிப்பேர் இப்படித்தான் உக்காந்து சுட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன். உள்ள இருக்கற போல்ட் என்னவோ சுழன்று பேரலோட நல்லா இறுகப் பூட்டிக்குது, அங்க ஒரு குறையும் இல்ல.

அன்னிக்கு ரெண்டு விதமா சுட்டுப் பார்த்தோம். முதல்ல மூட்டையைப் பின்னால நகர்த்தி, மேகசினுக்கு முன்னால இருக்கற இரும்பு உடம்பை அது மேல வச்சேன். முன்கட்டையை எதுவுமே தொடல. துப்பாக்கி முன்பாரமா கொஞ்சம் ஆடுச்சு. ஆனா மூணு குண்டும் பழைய இடத்துலேர்ந்து ரெண்டரை இன்ச் கீழ! அப்புறம் காட்டுல பிடிக்கிற மாதிரியே கட்டையைக் கையால பிடிச்சு, புறங்கையை மூட்டை மேல வச்சேன். குண்டுகள் கொஞ்சம் சிதறலா விழுந்துச்சு, ஆனா அதே ரெண்டரை இன்ச் கீழதான். பேரல் ஒல்லி, சீக்கிரம் சூடாகிடும். ஒவ்வொரு குண்டுக்கும் நடுவுல ஆற விட்டு ஆற விட்டு முழுக் காலையும் போயிடுச்சு. கட்டையைப் பின்னால இறுக்கி இழுக்கக் கூடாது, ஒரே மாதிரி லேசா பிடின்னு பெரியவர் சொல்லிக்கிட்டே இருந்தார். ஸ்கோப்புல ஒரு கிளிக்குக்குக் கால் இன்ச். பத்து கிளிக் மேல ஏத்தினேன்.

ஆக குத்தம் துப்பாக்கி மேலதான், நாம தப்பிச்சோம்னு நிமிர்ந்து உக்காந்தேன். பெரியவர் விடல. எனக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு மேகசின்ல நாலு போட்டார், நிஜத் தோட்டாவுக்கு நடுவுல மருந்தில்லாத டம்மியும் கலந்து. எது எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. முதல் ரெண்டு வெடிச்சுது. மூணாவது விசையை இழுத்தேன்... 'டிக்'. வெடிக்கல. ஆனா துப்பாக்கி மூக்கு மட்டும் சலாம் போடற மாதிரி கீழ குனிஞ்சுது. .30-06 உதைக்கும்னு பயந்து, விசை விழறதுக்கு முன்னாடியே நான் உடம்பை இறுக்கி முன்னால தள்ளியிருக்கேன்.

பெரியவர் ஒண்ணும் சொல்லல. தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டார்.

ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 கஜத்துல ரெண்டரைன்னா 80 கஜத்துக்கு ரெண்டு இன்ச். அந்த மானுக்கு நான் குறைஞ்சது ஆறு இன்ச் கீழ சுட்டிருக்கேன். ரெண்டு துப்பாக்கியோடது, மீதி நாலு என்னோடது.

அதுலேர்ந்து தினமும் ராத்திரி பேஸ்மென்ட்ல டம்மி தோட்டா போட்டு பத்து தடவை விசை இழுக்கறேன். நிஜத் தோட்டா எல்லாம் மாடியில, பூட்டி. சேம்பரை மூணு தடவை பார்த்துட்டுத்தான் டம்மி உள்ள போகும். ஸ்கோப் நாணயத்தை மூக்கு மேல வச்ச மாதிரி அசையாம நின்னாதான் அது ஒரு கணக்கு, இல்லேன்னா மறுபடி முதல்லேர்ந்து.

2024 சீசனுக்கு 60 கஜத்தைத் தாண்டி சுடறதில்லைன்னு வச்சிருந்தேன். நூறு கஜத்துல ரெண்டு, அதுக்கும் அந்தாண்ட ஒண்ணு. மூணும் மேய்ஞ்சிட்டு அது பாட்டுக்குப் போயிடுச்சு. லைசென்ஸ் காசு தண்டம்னு பெரியவர் இன்னும் சொல்லிக் காட்டிட்டிருக்கார்.